நான்காவது நிமிடத்தில் நிற்கும் லாரி

"அக்கா, இது என் வண்டியே இல்லக்கா" என்றான் லாரி டிரைவர் ஃபாஜில் போனில்.

கனிமொழி போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு கெண்டை மீனுக்குச் செதில் உரசிக்கொண்டிருந்தாள்.

"பின்ன யார் வண்டிய ஓட்டிக்கிட்டு வந்தே?"

"விளையாடாதீங்க. நம்பர் என் நம்பர்தான். ஆனா உள்ள வேற யாரோ இருக்காங்க."

அவள் கையைக் கழுவிக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள். ஃபாஜில் வாய் ஓயாமல் பேசுகிறவன், ஆனால் அவன் பயந்து அவள் பார்த்ததில்லை. பத்து நாள் முன்னால் லாரிக்குக் கம்ப்யூட்டர் பெட்டி மாற்றினார்களாம். அன்றிலிருந்து வண்டி நின்ற இடத்தில் நின்று நடுங்குகிறது. டீ குடிக்க ஓரம் கட்டி ஓடவிட்டால் நான்கு நிமிடம்தான். பிறகு யாரோ சாவியைத் திருப்பியதுபோல இன்ஜின் தானாக நின்றுவிடுகிறது.

"போன்ல டைம் வெச்சுப் பாத்துட்டேங்கா. மூணு அம்பத்தெட்டு கெடையாது, நாலு ரெண்டு கெடையாது. கரெக்டா நாலு. லோடுமேன் ஒருத்தனும் ஏற மாட்டேங்கறான். மொதலாளி எலுமிச்சம்பழம் கட்டினாரு. நான் நாகூர்லேருந்து தாயத்து கொண்டாந்து கட்டினேன். ரெண்டுக்கும் அடங்கலை."

"பேய் இல்லடா. பழைய பெட்டி போட்டிருப்பாங்க. முன்ன யாரோ வெச்ச செட்டிங்கு அதுல இருக்கும். வரேன்" என்றாள்.

மீனைக் குழம்பில் போடுவதை மதிவாணனிடம் விட்டுவிட்டு, லேப்டாப் பையை ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக்கொண்டு கிளம்பினாள். மதிவாணன் பள்ளிக்கூட ஆய்வக உதவியாளர். அவளுடைய வேலையைப் பற்றி எதுவும் கேட்கமாட்டார், குழம்பைப் பற்றி மட்டும் நிறையக் கேட்பார்.

கனிமொழிக்கு நாற்பத்தைந்து வயது. அப்பா அடுத்தவர் வயலில் நாற்றுக்கட்டு சுமந்தவர். மகளைப் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிகல் சேர்த்தபோது ஃபேன் ரிப்பேர் கற்றுக்கொள்வாள் என்றுதான் நினைத்தார். அவள் திருச்சியில் ஒரு லாரி சர்வீஸ் சென்டரில் பதினோரு வருடம் இருந்தாள். டீசல் லாரிகளுக்கெல்லாம் கம்ப்யூட்டர் வந்த காலம் அது. பெரிய பெரிய மெக்கானிக்குகள் அந்தப் பெட்டியைக் கண்டு கையைக் கட்டிக்கொண்டு நின்றபோது, மூலையில் பில் போட்டுக்கொண்டிருந்த இந்தப் பெண் வயரைச் செருகிப் பார்த்தாள். பிறகு தஞ்சாவூரில் நாஞ்சிக்கோட்டை சாலையில் தனியாகக் கடை போட்டாள். டிரைவர்கள் அவளுக்கு 'லேடி டாக்டர்' என்று பெயர் வைத்தார்கள். நேரில் அக்கா, தங்கச்சி.

அவள் முக்கியமாகச் செய்வது இன்ஜெக்டர் கோடிங். இன்ஜினுக்குள் டீசலைப் பீச்சுகிற இன்ஜெக்டர் ஆறு இருந்தால் ஆறும் ஒன்றுபோல் இருக்காது. ஒன்று மயிரிழை கூடப் பீச்சும், ஒன்று குறைத்துப் பீச்சும். அந்த வித்தியாசத்தை ஒவ்வொன்றின் தலையிலும் எண்ணாகப் பொறித்து அனுப்புவார்கள். எந்த எண்ணுள்ளது எந்த சிலிண்டரில் உட்கார்ந்திருக்கிறது என்று பெட்டிக்குச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் அது அளந்து ஊற்றும்.

எண்ணெய்ப் பிசுக்கில் அந்தப் பொடி எண்கள் கண்ணுக்குத் தெரியாது. கனிமொழி அதற்கு ஒரு வழி வைத்திருந்தாள். தினசரி காலண்டரில் கிழித்த தாளை இன்ஜெக்டர் தலைமேல் வைத்துப் பென்சிலால் தேய்ப்பாள். எண் பளிச்சென்று தாளில் ஏறிவிடும். அடுத்தடுத்த ஆறு நாள் தாள்கள், அடுத்தடுத்த ஆறு சிலிண்டர்கள். தேதி வரிசைதான் சிலிண்டர் வரிசை. வேலை முடிந்ததும் பின் அடித்து பிஸ்கட் டின்னில் போட்டுவிடுவாள். வீட்டில் எப்போதும் காலண்டர் ஒரு வாரம் முந்திக்கொண்டே ஓடும்.

அம்மாபேட்டைக்கு அந்தப் பக்கம் நெல் கொள்முதல் நிலையத்தின் களத்தில் லாரி நின்றது. மாசி மாதம், அறுவடை ஏறக்குறைய முடிந்திருந்தது. மூட்டைகள் ஆளுயரத்துக்கு அடுக்கித் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தன. மேற்கே வானம் கறுத்துக்கொண்டிருந்தது, ஆனால் காற்று ஒரு பொட்டு இல்லை. மற்ற லாரிகளில் ஆட்கள் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தார்கள். ஃபாஜிலின் லாரியைச் சுற்றி மட்டும் பத்தடிக்கு வெறும் தரை.

முதலாளி வைரக்கண்ணு துண்டால் முகத்தைத் துடைத்தபடி வந்தார். "வா கனிமொழி. சீக்கிரம் பாத்து விடும்மா. மழை எறங்கிச்சுன்னா நானூறு மூட்டையும் முளைச்சிப்புடும்."

"பெட்டி எப்படிண்ணே போச்சு?"

"பின்கதவு கொக்கி விட்டுப்போச்சுன்னு வெல்டிங் வெச்சேன்."

"பேட்டரி ஒயரைக் கழட்டுனீங்களா?"

வைரக்கண்ணு தார்ப்பாயைப் பார்த்தார். "கொக்கி பின்னால இருக்கு, பேட்டரி முன்னால இருக்கு."

"கரண்டுக்கு அது தெரியுமாண்ணே? ஓடிப்போய்ப் பெட்டியக் கருக்கிடும். ஒவ்வொரு வருஷமும் அறுப்புக்கு ரெண்டு பேராவது இதையே செய்யறீங்க."

"சரி விடு. திருச்சியில பழைய இரும்புக் கடையில ஒண்ணு கெடைச்சுது. காரைக்கால் பையன் ஒருத்தன் மாட்டினான். ஸ்டார்ட் ஆயிடுச்சு, போதும்னுட்டான்."

"ஸ்டார்ட் ஆனா போதுமா? வேற ஒருத்தர் கண்ணாடிய மாட்டிக்கிட்டு வண்டி ஓட்டறீங்க."

ஃபாஜில் அவள் காதோரம் வந்தான். "அது மட்டும் இல்லக்கா. மீட்டரைப் பாருங்க. என் வண்டி ரெண்டு லட்சத்துப் பத்தாயிரம்தான் ஓடியிருக்கு. இது நாலு லட்சத்து முப்பத்தாறாயிரம்ங்குது. அறுபத்திரண்டுக்கு மேல மிதிச்சா யாரோ என் கால அமுக்கிப் புடிக்கறாப்பல இருக்கு."

"அதுவும் செட்டிங்குதான். ஸ்டார்ட் பண்ணு, சத்தத்தக் கேப்போம்."

இன்ஜின் ஓடத் தொடங்கியது. உடனே கனிமொழி தலையைச் சாய்த்துக் கேட்டாள். நடுக்கம் எல்லா லாரிக்கும் உண்டுதான். இந்த நடுக்கத்தில் ஒரு தாளம் இருந்தது. மூன்று துடிப்பு நேராக, பிறகு ஒரு விக்கல், உடனே அதை ஈடுகட்டுவதுபோல ஒரு உதைப்பு. எங்கோ கேட்ட சத்தம். காய்ச்சல்காரன் பல் கடிப்பதுபோல கேபின் கண்ணாடி கிடுகிடுத்தது.

அவள் டிரைவர் இருக்கையில் ஏறி ஸ்கேனரைச் செருகினாள். ஃபாஜில் கீழே நின்று போனில் நேரத்தை ஓடவிட்டான்.

பெட்டி முதலில் தன் பழைய வண்டியின் பதிவு எண்ணைக் காட்டியது. அவள் ஒரு தரம் படித்தாள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தரம் படித்தாள். பிறகு இன்ஜெக்டர் பக்கத்தைத் திறந்தாள். ஆறு வரிசையில் ஆறு எண்கள். கீழே, கடைசியாகக் கோடிங் எழுதிய கருவியின் எண். அது அவள் மடியில் இருந்த கருவி. தேதி, மூன்றரை வருடம் முந்தைய ஆடி மாதம்.

டிரைவர் செல்லதுரை ஓட்டிய லாரி.

அன்று ஆடிக் காற்று மண்ணை வாரி இறைத்தது. ஆறு தாள்களையும் இன்ஜின்மேல் பரப்பி வைத்திருந்தாள், இரண்டு பறந்துவிட்டன. செல்லதுரைதான் ஓடிப் போய்ப் பொறுக்கி வந்து கொடுத்தார். "இந்தா தங்கச்சி, உன் நல்ல நேரம் பறந்து போவுது பாரு" என்று சிரித்தார். கையில் வந்த வரிசையில் எண்களை அடித்தாள். அந்த வண்டியின் முதலாளி நெடுஞ்செழியன் பக்கத்தில் நின்று அவசரப்படுத்திக்கொண்டே இருந்தார். போகிற போக்கில், "டிரைவர் வண்டிய ஓடவிட்டுட்டு ஏசியில தூங்கறான். நாலு நிமிஷத்துல தானா நிக்கிறமாரி வெச்சுடு" என்றார். வைத்தாள்.

ராத்திரி வீட்டில் தாள்களுக்குப் பின் அடிக்கும்போதுதான் பார்த்தாள். பதினெட்டாம் தேதித் தாளுக்கு அடியில் பதினேழு. நாலாவது சிலிண்டரின் எண் ஐந்துக்கும், ஐந்தின் எண் நாலுக்கும் போயிருந்தது. அப்போதே செல்லதுரைக்குப் போன் செய்தாள். நாலும் அஞ்சும் மாறிப் போச்சு, வண்டி ஓடும், பயமில்லை, ஆனால் கொண்டுவந்து காட்டுங்க என்றாள். "இந்த உர லோட எறக்கிட்டு வியாழக்கிழமை வரேன்" என்றார்.

புதன்கிழமை விடியலில் நன்னிலம் பக்கம் ஒரு வாய்க்கால் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் மோதி இறந்துபோனார். கூட்டம் கூடியபோது சாவி போட்டபடி இருந்ததாம், கியர் நியூட்ரலில் இருந்ததாம், இன்ஜின் ஓடவில்லையாம். நடுரோட்டில் இன்ஜின் செத்து, ஸ்டியரிங் இறுகிப்போய், மறுபடி ஸ்டார்ட் பண்ணப் பார்த்திருக்கிறான் என்று நெடுஞ்செழியன் எல்லோரிடமும் சொன்னார். அந்தம்மா கைவெச்ச மூணாம் நாளு, என்பதையும் சேர்த்துக்கொண்டார். ஏழு மாதம் அவள் கடைக்கு ஒரு லாரிகூட வரவில்லை.

இரண்டு எண் மாறினால் இன்ஜின் நடுங்கும், புகைக்கும், ஓடும் வண்டி நின்றுபோகாது. புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. புத்தகத்தை அவள் பலமுறை எடுத்துப் படித்திருக்கிறாள். எண் மாறிய விஷயத்தை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை, மதிவாணனிடமும் சொல்லவில்லை. சாவு வீட்டுக்கும் போகவில்லை. சோறு வடிக்கும்போதும் துணி மடிக்கும்போதும் அந்தக் கேள்வி பக்கத்திலேயே வந்து உட்காரும். நான்தான் கொன்றேனா?

இப்போது திரையில் நாலும் ஐந்தும் அவள் விட்டபடியே மாறிக் கிடந்தன.

"ஆச்சாம்மா?" கீழேயிருந்து வைரக்கண்ணு குரல் கொடுத்தார். "பழசையெல்லாம் அழிச்சுட்டுப் புதுசா எழுதேன். வானத்தப் பாரு."

எழுதலாம். ஒரு பொத்தான். எழுதினால் பழைய வண்டியைப் பற்றிப் பெட்டிக்குத் தெரிந்தது அத்தனையும் போய்விடும். அதற்குள் இன்னொரு பக்கம் இருந்தது. வண்டி சட்டென்று நின்றால், நிற்பதற்கு முந்தைய ஒரு நிமிடத்தைப் பெட்டி தனியே எழுதி வைக்கும். ஒரே ஒரு பதிவு இருப்பதாக அது காட்டியது. தேதி, அந்தப் புதன்கிழமை. நேரம், காலை ஐந்து பதினொன்று.

கனிமொழியின் விரல் அழிக்கிற பொத்தானின்மேல்தான் முதலில் போனது. பிறகு நகர்ந்தது.

அறுபது வரி. வரிக்கு ஒரு நொடி. வேகம் ஐம்பத்தேழு, ஆக்சிலேட்டர் முப்பத்தெட்டு, பிரேக் இல்லை. அடுத்த வரியும் அதேதான். தூங்குகிறவரின் மூச்சை எண்ணுவதுபோல அவள் ஒவ்வொன்றாக இறங்கினாள். இருபத்திரண்டாம் நொடியில் ஆக்சிலேட்டர் கொஞ்சம் மேலே வந்து திரும்ப இறங்கியது. கால் மாற்றி உட்கார்ந்திருப்பார். முப்பது, நாற்பது, ஐம்பது, எல்லாம் சமம். ஐம்பத்தாறாவது வரியில் ஆக்சிலேட்டர் பூஜ்யம். ஐம்பத்தேழில் பிரேக்கும் கிளட்சும் ஒன்றாக, உடனே கியர் நியூட்ரல். வேகம் ஐம்பத்துமூன்று. நாற்பத்தைந்து. முப்பத்தெட்டு. பூஜ்யம்.

எதைப் பார்த்து மிதித்தார் என்பது பெட்டிக்குத் தெரியாது. மாடோ, புழுதியோ, அசந்த கண்ணோ. ஆனால் கடைசிக் கட்டத்தில் இன்ஜின் வேகம் என்று ஒரு எண் இருந்தது. நிமிடத்துக்கு எழுநூறு சுற்று. அறுபதாவது நொடியில், எல்லாம் முடிந்த பிறகும், இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

அதற்குக் கீழே ஒரே ஒரு வரி. இன்ஜின் நின்ற காரணம்: ஐட்லிங் (நின்ற இடத்தில் ஓடும்) நேரம் முடிந்தது. ஓடிய நேரம்: நான்கு நிமிடம், பூஜ்யம் நொடி.

அதைப் படித்து முடிக்கவும், அவள் உட்கார்ந்திருந்த லாரி தானாக நின்றது.

களத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். "நாலு" என்றான் ஃபாஜில், போனைத் தூக்கிக் காட்டி.

உடைந்த சுவரில் மூக்கை வைத்துக்கொண்டு, உள்ளே செல்லதுரையை வைத்துக்கொண்டு, அந்த லாரி நான்கு நிமிடம் நடுங்கிக்கொண்டு நின்றிருக்கிறது. மூன்று துடிப்பு, ஒரு விக்கல், ஒரு உதைப்பு. பிறகு அவள் வைத்த நேரப்படி அணைந்திருக்கிறது. அதற்குப் பிறகு வந்தவர்கள்தான் இன்ஜின் செத்துப்போயிருந்தது என்றார்கள்.

"என்னம்மா, உனக்கும் பயமா?" என்றார் வைரக்கண்ணு.

"பத்து நிமிஷம் பேசாம இருங்கண்ணே."

பதிவை லேப்டாப்பில் சேமித்தாள். அதில் நம்பிக்கை போதாமல், பையிலிருந்து ஒரு காலண்டர் தாளை எடுத்துக் கடைசிப் பத்து வரிகளையும் அதற்குக் கீழே இருந்த வரியையும் பேனாவால் பின்பக்கம் எழுதிக்கொண்டாள். பிறகு இறங்கி, கேபினைத் தூக்கச் சொல்லி, இந்த இன்ஜினின் ஆறு இன்ஜெக்டரையும் தாள் வைத்துத் தேய்த்தாள். மூன்றரை வருடமாக ஒவ்வொரு தாளிலும் சிலிண்டர் எண்ணைக் கட்டை விரல் அளவுக்கு எழுதுவது வழக்கமாகியிருந்தது. ஃபாஜிலை உரக்கப் படிக்கச் சொன்னாள். ஒரு தரம் படித்தான், எழுதினாள். மறுபடி படிக்கச் சொன்னாள்.

"பள்ளிக்கூடத்துல கூட இவ்வளவு படிக்கலக்கா."

"படிடா. நாலாவது என்ன? அஞ்சாவது என்ன?"

வண்டி எண், மீட்டர், வேகக் கட்டுப்பாடு எல்லாவற்றையும் இந்த லாரிக்கு மாற்றினாள். தானாக நிற்கவே வேண்டாம் என்று ஐட்லிங் நேரத்தைப் பூஜ்யம் ஆக்கினாள். பொத்தானை அழுத்தியதும் நாலும் ஐந்தும் திரையிலிருந்து போயின.

இன்ஜின் ஓடியது. கண்ணாடி கிடுகிடுக்கவில்லை. லோடுமேன்கள் நெருங்கி வந்து ஃபாஜிலின் போனைச் சுற்றி நின்றார்கள். மூன்று நிமிடம். மூன்றரை. நான்கு வந்தது, போனது. ஐந்தில் ஒரு ஆள் பீடியைக் காலில் நசுக்கிவிட்டு, "ஏறுங்கடா, மழ வருது" என்றான்.

கனிமொழி தார்ப்பாய்க்கு அந்தப் பக்கம் போய் நின்று போனை எடுத்தாள். 'செல்லதுரை அண்ணன் லாரி' என்று அந்த எண் இன்னும் இருந்தது. அழிக்க மனம் வரவில்லை, கூப்பிடவும் வந்ததில்லை. அடித்தாள். நாதஸ்வரம் ஒலித்தது. அவர் வைத்த காலர் டியூன், அதுவும் மாறாமல் இருந்தது.

"யாருங்க?" என்றது ஒரு பெண் குரல். செல்லதுரையின் மனைவி ராசம்மாள்.

"நான் தஞ்சாவூர்லேருந்து கனிமொழி பேசறேங்க. லாரி கம்ப்யூட்டர்..."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரத்தைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"வியாழக்கிழமை வரச் சொன்ன அம்மாவா?"

கனிமொழி தார்ப்பாயின் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசுனாரு. நான் சோறு போட்டுக்கிட்டு இருந்தேன். ஓடும், பயமில்லன்னீங்க. அதையேதான் நெனச்சுக்கிட்டு இருக்கேன். பயமில்லன்னா எதுக்கு வரச் சொன்னீங்க?"

"அதச் சொல்லத்தான் வரேங்க. இப்பவே வரலாமா?"

"வாங்க. பாலத்தத் தாண்டுனதும் மொத வீடு."

நன்னிலம் தாண்டிப் போய்ச் சேர்ந்தபோது தூறல் பிடித்திருந்தது. பாலத்தின் கைப்பிடிச் சுவரில் ஆறடி நீளத்துக்கு மட்டும் சிமெண்ட் வெளுப்பாக இருந்தது. அவள் அங்கே ஸ்கூட்டரை நிறுத்தவில்லை. ராசம்மாள் வாசலில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றாள். ஒல்லியான, நிமிர்ந்த பெண்பிள்ளை. உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டாள், தண்ணீர் கொடுத்தாள். அழவில்லை, திட்டவும் இல்லை.

கனிமொழி தன் தப்பை முதலில் சொன்னாள். காற்று, தாள், நாலு, ஐந்து. சாவுக்கு வராததையும் சொன்னாள். பிறகு காலண்டர் தாளை எடுத்து விரித்தாள். "அவரு பிரேக் புடிச்சிருக்காருங்க. இன்ஜின் நிக்கலை. இடிச்சதுக்கு அப்புறமும் ஓடிக்கிட்டுத்தான் இருந்திருக்கு."

ராசம்மாள் தாளைப் பார்க்கவில்லை. அவள் பார்வை வாசலுக்கு வெளியே, பாலத்தின்மேல் இருந்தது.

"ஓடுச்சு" என்றாள். "நான் கேட்டேன். கருக்கல்ல தொம்முனு ஒரு சத்தம், வண்டி பள்ளத்துல எறங்கி ஏறிப் பாலத்துல நிக்கிதுன்னு நெனச்சேன். திக்கித் திக்கி ஓடிக்கிட்டு இருந்துச்சு. யார்கூடவோ நின்னு பேசறாருன்னு வெந்நி வெச்சேன். அப்புறம் சத்தம் நின்னுச்சு. சரி, வந்துருவாருன்னு துண்ட எடுத்து வெச்சுட்டு உக்காந்திருந்தேன்."

கனிமொழி தாளின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தாள்.

"எல்லார்கிட்டயும் சொன்னேன். இன்ஜின் செத்த வண்டி எப்படிடி ஓடும், காத்துக் கருப்பு சத்தம்னாங்க. ஏர்வாடிக்குக் கூட்டிட்டுப் போயி மந்திரிச்சாங்க. இன்னமும் கருக்கல்ல எனக்கு அந்தச் சத்தம் கேக்கும். யார்கிட்டயும் சொல்றதில்ல."

கனிமொழி எழுதிய கடைசி வரியின்மேல் விரலை வைத்தாள். "இந்தா இருக்குங்க. நீங்க கேட்டது நெசம். நாலு நிமிஷம் ஓடியிருக்கு."

ராசம்மாள் இப்போதுதான் தாளைக் கையில் வாங்கினாள். ஈர விரலில் மை கரைந்துவிடாமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அந்த வரியையே பார்த்தாள்.

"நாலு நிமிஷம்தானா?" என்றாள். "எனக்கு ரொம்ப நேரம் ஓடுன மாதிரி இருந்துச்சு."